போட்டோ எப்பய்யா தருவ?

எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமம். களத்தில் மிளகாய் வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. ஓரத்தில் வேப்ப மர நிழலில் ஒரு ஆச்சி உட்கார்ந்து சோடை வத்தலைப் பொறுக்கித் தனியே போட்டுக்கொண்டிருந்தார். காதில் பாம்படம், முகமெல்லாம் சுருக்கம், பக்கவாட்டில் சாய்ந்து விழும் மாலை வெயில். கேமரா வைத்திருக்கிற யாருக்கும் கை சும்மா இருக்காது. "ஆச்சி, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டேன். "எடுத்துக்கோ" என்றார், வத்தலிலிருந்து கண்ணை எடுக்காமல். ஏழெட்டுப் படம் எடுத்திருப்பேன். எழுந்து கிளம்பும்போதுதான் தலையைத் தூக்கிக் கேட்டார்: "ஏய்யா, போட்டோ எப்பய்யா தருவ?"

ஊர்ப்புறங்களில் மனிதர்களைப் படம் எடுத்துத் திரிந்த யாரும் இந்தக் கேள்விக்குத் தப்பியிருக்க மாட்டார்கள். "கண்டிப்பா கொண்டாந்து தரேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவோம். வாய்க்கு வந்ததைக் கேட்கிறார்கள் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. இந்தப் படம் யாருக்கு, நீ மறுபடி இந்தப் பக்கம் வருவாயா என்பதுதான் அந்தக் கேள்வியின் பொருள். போர்ட்ரெய்ட், அதாவது முகப்படம், என்பது எடுப்பவரும் எடுக்கப்படுபவரும் ஒருவரையொருவர் சந்திப்பது என்று பலரும் எழுதுகிறார்கள். சந்திப்புதான். ஆனால் அந்தச் சந்திப்பு எப்படிப்பட்டது என்பது பெரும்பாலும் ஷட்டர் விழுந்த பிறகுதான் தெரிய வருகிறது. உலகத்தில் அதிகம் பேர் பார்த்த முகப்படங்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு இதைப் பார்க்கலாம்.

1936 மார்ச். அமெரிக்காவில் பொருளாதாரம் சரிந்து கிடந்த பெருமந்தக் காலம். கலிஃபோர்னியாவில் நிப்போமோ என்ற ஊரில் பட்டாணி பறிக்க வந்த கூலிக் குடும்பங்கள் கூடாரம் போட்டுத் தங்கியிருந்தன. பனியில் பயிர் வீணாகிவிட்டது. பறிக்கப் பட்டாணி இல்லை, அதனால் கூலியும் இல்லை. டோரதியா லாங் என்ற பெண் அந்த வழியாக வீட்டுக்குக் காரை ஓட்டிக்கொண்டிருந்தார். மத்திய அரசின் மறுகுடியேற்ற நிர்வாகத்துக்காக ஒரு மாதம் ஊர் ஊராகச் சுற்றிப் படம் எடுத்து முடித்த களைப்பு. வெளியே மழை. 'பட்டாணி பறிப்போர் முகாம்' என்ற பலகை சாலையோரம் கண்ணில் பட்டது, நிற்காமல் போய்விட்டார். 20 மைல் தாண்டிய பிறகு மனசு கேட்காமல் வண்டியைத் திருப்பினார். முகாமுக்குள் போனதும் ஒரு தாயும் பிள்ளைகளும் இருந்த கூடாரத்தை நோக்கி நேரே நடந்தார். தூரத்தில் இருந்து தொடங்கி, ஒவ்வொரு படத்துக்கும் இன்னும் கொஞ்சம் நெருங்கி, ஆறேழு படம் எடுத்தார். பத்து நிமிடம். அடுத்த கூடாரத்துக்குக்கூடப் போகவில்லை, வந்த வேலை முடிந்துவிட்டது என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

அவற்றில் ஒன்றுதான் 'புலம்பெயர்ந்த தாய்' என்று உலகம் முழுக்கத் தெரிந்த படம். அந்தப் பெண் கன்னத்தருகே விரல்களை வைத்துக்கொண்டு எங்கோ பார்க்கிறார். இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு தோளில் சாய்ந்து, முகத்தை மறைத்து, நமக்கு முதுகைக் காட்டுகிறார்கள். மடியில் அழுக்குத் துணி சுற்றிய கைக்குழந்தை தூங்குகிறது. ஒரு மூலையில் கூடாரக் கம்பைப் பிடித்தபடி ஒரு கட்டைவிரல் தெரிந்தது. அது கண்ணை உறுத்துகிறது என்று 1939-இல் லாங் நெகட்டிவிலேயே அதை மங்கச் செய்துவிட்டார்.

லாங் இதைப் பற்றி 1960-இல் ஒரு பத்திரிகையில் எழுதினார். பெயரையோ கதையையோ தான் கேட்கவில்லை என்று அதில் ஒளிக்காமல் சொல்கிறார். வயது 32 என்று மட்டும் அந்தப் பெண் சொன்னாராம். வயலில் பனியில் உறைந்து கிடந்த காய்களையும் பிள்ளைகள் அடித்துக் கொண்டுவந்த குருவிகளையும் தின்று காலம் தள்ளுவதாகவும், சாப்பாட்டுக்காகக் காரின் டயர்களை விற்றுவிட்டதாகவும் சொன்னாராம். அப்புறம் ஒரு வாக்கியம் வருகிறது: என் படங்கள் தனக்கு உதவும் என்று அவளுக்குத் தெரிந்தது போலிருந்தது, அதனால் அவள் எனக்கு உதவினாள், அதில் ஒருவிதச் சமத்துவம் இருந்தது.

சமத்துவம் என்ற அந்தச் சொல் என்னை விடவே இல்லை. மறுபக்கக் கதை 42 வருடம் கழித்துத்தான் வெளியே வந்தது.

அந்தப் பெண்ணின் பெயர் ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன். 1978-இல் மொடெஸ்டோ நகரத்தில், ஒரு நடமாடும் வீட்டில் வாழ்ந்துகொண்டிருந்தபோது உள்ளூர் நிருபர் ஒருவர் அவரைக் கண்டுபிடித்தார். படம் எடுக்கப்பட்டதற்காக வருத்தப்படுகிறேன் என்றார் அவர். அதிலிருந்து ஒரு பைசா வரவில்லை. அவள் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. விற்க மாட்டேன் என்றாள். ஒரு பிரதி அனுப்புகிறேன் என்றாள், அனுப்பவே இல்லை. கடைசி வரியைப் படிக்கும்போது எனக்கு அந்த மிளகாய்க் களம்தான் ஞாபகம் வந்தது. எந்த நாட்டிலும், எந்தக் காலத்திலும் இதுதான் கேட்கப்படுகிறது போல.

அத்துடன் முடியவில்லை. டயர் விற்ற கதையே தவறு என்றது குடும்பம். விற்பதற்குத் தனியாக டயர் ஏது, காரில் மாட்டியிருந்தது மட்டும்தான் எங்களிடம் இருந்தது, அதே காரில்தான் நாங்கள் அங்கிருந்து கிளம்பினோம் என்றார் ஒரு மகன். அவர்கள் அந்த முகாமில் வேலை தேடி உட்காரவே இல்லை. வேறு ஊருக்குப் போகும் வழியில் வண்டி பழுதாகி நின்றிருந்தது. லாங் வந்த நேரத்தில் ஆண்கள் அதைச் சரிசெய்ய டவுனுக்குப் போயிருந்தார்கள். இன்னொன்று, தூசிப்புயலில் நிலம் இழந்து ஒக்லஹோமாவிலிருந்து ஓடிவந்த வெள்ளைக்காரக் குடியானவப் பெண் என்றுதான் அமெரிக்கா அந்த முகத்தைப் படித்தது. அவர் செரோக்கி பழங்குடிப் பெண். புயலுக்குப் பல வருடம் முன்பே, 1920-களிலேயே கலிஃபோர்னியா வந்துவிட்டவர். இதெல்லாம் தெரிய எத்தனை கேள்வி கேட்டிருக்க வேண்டும்? இரண்டோ மூன்றோ.

லாங்கைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் விரும்பவில்லை. அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஏழு வயதில் போலியோ வந்து வலது கால் பாதிக்கப்பட்டவர், வாழ்நாள் முழுக்கச் சற்று நொண்டித்தான் நடந்தார். அந்த நடையைப் பார்த்ததும் ஏழை மக்கள் தன்னிடம் இறுக்கம் தளர்ந்து பேசினார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். சான் பிரான்சிஸ்கோவில் பணக்காரக் குடும்பங்களுக்கு ஸ்டூடியோ நடத்திக்கொண்டிருந்தவர், ஜன்னலுக்குக் கீழே வேலையில்லாதவர்கள் அலைவதைப் பார்த்துத் தெருவில் இறங்கியவர். மற்ற இடங்களில் எல்லாம் மக்கள் பேசியதை அப்படியே குறித்து வைத்துக்கொள்வதில் அவருக்கு இணையானவர்கள் குறைவு. நிப்போமோ படத்தால் அவருக்கும் உரிமைத்தொகை என்று எதுவும் வரவில்லை; நெகட்டிவ் அரசாங்கத்துடையது. படங்கள் பத்திரிகையில் வந்ததும் அரசு 20,000 பவுண்டு எடை உணவை அந்த முகாமுக்கு அனுப்பியது. எத்தனையோ பேர் வயிறு நிறைந்தது. ஆனால் படத்தில் இருந்த குடும்பம் அதற்குள் வண்டியைச் சரிசெய்து வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தது.

அப்படியானால் அந்தப் பத்து நிமிடத்தில் சந்திப்பு நடந்ததா? படத்தையே இன்னொரு முறை பாருங்கள். அதில் நான்கு பேர் இருக்கிறார்கள். ஒருவர்கூட லாங்கைப் பார்க்கவில்லை. இருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், ஒன்று தூங்குகிறது, தாயின் பார்வை கேமராவைத் தாண்டிப் போகிறது. கோடிக்கணக்கானவர்கள் அந்த முகத்தைத் தங்களுக்குத் தெரிந்த முகம் என்று உணர்ந்திருக்கிறார்கள். அவரோ யாருக்கும் கதவைத் திறக்கவில்லை.

கேமராவை நேராகப் பார்த்தால் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. 1984-இல் பெஷாவருக்கு அருகே நாசிர் பாக் அகதி முகாமில், ஸ்டீவ் மெக்கரி எடுத்த ஆப்கன் சிறுமியின் படம் எல்லோருக்கும் தெரியும். அடுத்த வருடம் ஜூன் மாதம் நேஷனல் ஜியோகிராஃபிக் அட்டையில் வந்தது. பச்சைக் கண்கள் நேராக நம்மைக் குத்துகின்றன. அந்தப் பார்வையில் அச்சம், துயரம், போரின் கொடுமை என்று ஆளுக்கொன்றைப் படித்தோம். 2002-இல் ஷர்பத் குலா என்ற அந்தப் பெண்ணைத் தேடிக் கண்டுபிடித்துக் கேட்டபோது, அந்நிய ஆண் ஒருவர் தன்னைப் படம் எடுத்ததில் கோபம் வந்தது அவருக்கு நினைவிருந்தது. அதுவரை 17 வருடம் பெயர் தெரியாமலே அந்த முகம் உலகம் சுற்றிக்கொண்டிருந்தது.

இதில் கருவிக்கும் பங்கு உண்டு. அதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் ஒரு முகத்தைக் கண்ணாடித் தட்டில் பதிக்கப் பல வினாடிகள், சில சமயம் நிமிடங்கள் ஆகும். அத்தனை நேரம் எதிரே இருப்பவர் அசையாமல் ஒத்துழைத்தால்தான் படம். திருட முடியாது. கையடக்கமான லைக்கா கேமரா 1925-இல் கடைக்கு வந்த பிறகு கண்ணிமைக்கும் நேரத்தில் எடுத்துவிட்டு நகரலாம் என்றானது. அதற்கு முன்பே 1916-இல் பால் ஸ்ட்ராண்ட், கேமராவின் பக்கவாட்டில் போலி லென்ஸ் ஒன்றை மாட்டி, வேறு எங்கோ எடுப்பதுபோல் காட்டிக்கொண்டு நியூயார்க் தெருவில் மக்களைப் படம் பிடித்தார். 1938 முதல் வாக்கர் எவன்ஸ் கோட்டுக்குள் கேமராவை ஒளித்துச் சுரங்க ரயிலில் எதிரே உட்கார்ந்தவர்களை எடுத்தார். அந்தப் படங்களைப் புத்தகமாக்க அவர் 1966 வரை பொறுத்திருந்தார். முகமூடி இல்லாத முகம் வேண்டும் என்பது அவர்கள் வாதம். படங்கள் அருமையானவை. ஆனால் யாரும் பார்க்காதபோது இருப்பது மட்டும்தான் உண்மையான முகம் என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நம் முன்னால் தன்னை எப்படி நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று ஒருவர் முடிவுசெய்கிற முகமும் அவருடைய முகம்தான்.

அது எனக்குப் புரிந்ததும் அந்த ஆச்சியால்தான். நாலு மாதம் கழித்து 12-க்கு 8 அளவில் ஒரு பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். நான் பெருமைப்பட்ட படம் அது. முகம் மட்டும், நெருக்கத்தில். ஒவ்வொரு சுருக்கமும் எண்ணலாம். பின்னால் எல்லாம் மங்கல். அவர் அதை வாங்கி, முந்தானையால் ஒரு முறை துடைத்து, வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "மூஞ்சிய மட்டும் எடுத்திருக்க, கையி காலெல்லாம் எங்கய்யா?" எனக்குப் பதில் வரவில்லை. "இரு வாரேன்" என்று உள்ளே போனார். பெட்டியிலிருந்து எடுத்த மடிப்புக் கலையாத சேலை, நெற்றி நிறையத் திருநீறு. பேரனைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வரவழைத்தார். அதில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்து, இரண்டு பாதமும் தெரிகிற மாதிரி சேலையைச் சற்று ஒதுக்கிக்கொண்டார். "இப்ப முழுசா எடு."

களத்தில் நான் எடுத்தது என் மனதில் ஏற்கெனவே இருந்த ஒரு பாட்டியை. போட்டிகளில் பரிசு வாங்குகிற, சுருக்கமும் பொக்கை வாயுமான அந்தப் பாட்டியை. இரண்டாவது படத்தில்தான் அவர் இருந்தார். ஒளி அவ்வளவு நன்றாக இல்லை, நாற்காலி சிவப்புக் கலர், பின்னால் கேஸ் சிலிண்டர் தெரிந்தது. வீட்டில் டிவிக்கு மேலே தொங்குவது அந்தப் படம்.

ஆச்சி கேட்டது புதுசும் இல்லை. ஸ்டூடியோவுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்ட தலைமுறைக்கு இது சாதாரண விஷயம். காசு கொடுப்பவர் தன் படம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்வார். செயினை எடுத்து வெளியே விடுவார், வாட்ச் தெரிகிற மாதிரி கையை வைப்பார். எடுப்பவர் மோவாயைத் தொட்டுக் கொஞ்சம் திருப்பி, "கண்ண சிமிட்டாதீங்க" என்பார். பெரிய கலை என்று யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் யாருக்காக இந்தப் படம் என்பதில் சந்தேகமே கிடையாது.

இந்த வகை ஸ்டூடியோவின் உச்சம் என்று நான் நினைப்பது மேற்கு ஆப்பிரிக்காவில், மாலி நாட்டின் பமாகோ நகரில், செய்டு கெய்டா நடத்தியது. தச்சு வேலை கற்றவர். 1935-இல் மாமா செனகலிலிருந்து வாங்கிவந்து கொடுத்த கோடக் பிரவுனியில் தொடங்கி, 1948-இல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஸ்டூடியோ வைத்தார். முதல் பின்திரை அவர் கட்டிலில் விரித்திருந்த குஞ்சம் வைத்த விரிப்பு. சில வருடத்துக்கு ஒரு முறை திரையை மாற்றுவார். எந்தத் திரை என்பதை வைத்துப் படம் எந்த வருடத்தது என்று பின்னாளில் அவரால் சொல்ல முடிந்தது. ரேடியோ, கைக்கடிகாரம், ஐரோப்பிய உடை, வெஸ்பா ஸ்கூட்டர் எல்லாம் அங்கே இருக்கும். வருகிறவர் தான் யாராக இருக்க விரும்புகிறாரோ அதற்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். சுவரில் மாதிரிப் படங்கள் தொங்கும், அந்த மாதிரி வேண்டும் என்று கைகாட்டலாம். ஃபிலிம் விலை காரணமாக ஆளுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு கிளிக். அந்த ஒன்று வீணாகக்கூடாது என்பதற்காக எடுப்பவரும் இருப்பவரும் சேர்ந்து உழைத்தார்கள். பூப்போட்ட ஆடை, பூப்போட்ட திரை, இரண்டுக்கும் நடுவில் அமைதியாக நம்மைப் பார்க்கிற ஒரு முகம். காலனி ஆட்சி முடியாத காலத்தில், தங்களை இப்படித்தான் பார்க்க வேண்டும் என்று அந்த மக்களே தீர்மானித்த படங்கள் அவை.

1991-இல் நியூயார்க்கில் ஒரு கண்காட்சியில் கெய்டாவின் படங்கள் வைக்கப்பட்டபோது, எடுத்தவர் பெயர் தெரியவில்லை என்று எழுதியிருந்தார்கள். பிறகு பமாகோவுக்குப் போய்த் தேடி அவரைக் கண்டுபிடித்தார்கள். கையகலப் படங்கள் ஆளுயரத்துக்குப் பெரிதாக்கப்பட்டு அருங்காட்சியகங்களுக்குப் போயின. எடுத்தவருக்குப் பெயர் கிடைத்துவிட்டது. படத்தில் இருப்பவர்களில் பலருக்கு இன்னும் கிடைக்கவில்லை. வீட்டுச் சுவருக்காக எடுத்துக்கொண்ட படத்தை உலகம் பார்க்கலாமா என்று அவர்களை யாரும் கேட்கவும் இல்லை.

பெயர் என்றதும் ஜூலியா மார்கரெட் கேமரனைச் சொல்லாமல் போக முடியாது. கல்கத்தாவில் 1815-இல் பிறந்த ஆங்கிலேயப் பெண். 48 வயதில் மகள் பரிசாகக் கொடுத்த கேமராவை வைத்துக்கொண்டு, இங்கிலாந்தில் வைட் தீவில் உட்கார்ந்து, முகப்படத்தின் போக்கையே மாற்றியவர். டென்னிசன், டார்வின், ஹெர்ஷல் என்று அவர் காலத்துப் பெரிய மனிதர்கள் எல்லாம் அவர் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டு வேலைக்காரியான மேரி ஹில்லியரைக் கன்னி மரியாளாக்கி எடுத்த படங்களும் உண்டு. அந்தப் பணிப்பெண்ணின் பெயர்கூட நமக்குத் தெரியும். 1875-இல் கணவரோடு இலங்கைக்குப் போனார். அங்கே குடும்பத்துக்குக் காப்பித் தோட்டங்கள் இருந்தன. களுத்துறையில் அவர் எடுத்த படங்களில் முப்பதுக்கும் குறைவானவையே மிஞ்சியிருக்கின்றன. தோட்டத்து ஆட்கள், ஊர்க்காரப் பெண்கள், சிறுவர்கள். அதே நெருக்கம், அதே கனிந்த ஒளி. பெயர் மட்டும் அநேகமாக எதிலும் இல்லை.

1877-இல் களுத்துறைக்கு விருந்தாளியாக வந்த ஓவியர் மரியான் நார்த் ஒரு சம்பவத்தை எழுதி வைத்திருக்கிறார். ஒரு ஆளின் முதுகு அழகாக இருக்கிறது என்று கேமரனுக்குப் பிடித்துப்போய், அவரைத் தன் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளும்படி மகனிடம் வற்புறுத்தினாராம். கேமரனின் வீட்டிலோ தோட்டமே கிடையாது. வந்தவருக்குத் தோட்டக்காரர் என்ற சொல்லுக்குப் பொருளும் தெரியாது. கேமரன் கொடுமைக்காரர் இல்லை, பாசக்காரர் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். இருந்தாலும் பிடித்துப்போன முதுகுக்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்கத் தோன்றவில்லை. அந்தக் காப்பித் தோட்டங்களில் வேலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து மன்னார் வழியாகக் காட்டுப்பாதையில் நடந்தே போனவர்கள் எத்தனை ஆயிரம். அவர்கள் முகங்களில் ஏதாவது ஒன்று அந்தச் சில படங்களுக்குள் இருக்கலாம் என்று நினைத்தபடிதான் நான் ஒவ்வொரு முறையும் அவற்றைப் பார்க்கிறேன். கேமரன் 1879-இல் டிக்கோயாவில் இறந்தார். கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது, பெயர் பொறித்து.

சரி, எப்படித்தான் எடுப்பது? எனக்குத் தெரிந்து இதற்கு நேர்மையான பதில் சொன்னவர் மில்டன் ரோகோவின். அவர் தொழில்முறைப் புகைப்படக்காரரே இல்லை. அமெரிக்காவில் பஃபலோ நகரத்தில் கண் பரிசோதித்துக் கண்ணாடி கொடுக்கிற ஆப்டோமெட்ரிஸ்ட். தொழிற்சங்கக்காரர்கள்தான் பெரும்பாலும் அவரிடம் வருவார்கள். 1957-இல் கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த காலத்தில் நாடாளுமன்ற விசாரணைக் குழு முன்னால் நிறுத்தப்பட்டார். பதில் சொல்ல மறுத்தார். உள்ளூர்ப் பத்திரிகை அவரைப் பஃபலோவின் நம்பர் ஒன் சிவப்பு, அதாவது கம்யூனிஸ்ட், என்று எழுதியது. கடைக்கு ஆள் வருவது நின்றுபோனது. பேச விடவில்லை, சரி, படங்கள் மூலம் பேசுகிறேன் என்று கேமராவைத் தூக்கினார். மறுவருடமே நகரத்துக் கறுப்பினத்தவரின் சின்னச் சின்னக் கடைத்தெரு தேவாலயங்களில் தொடங்கினார். பணக்காரர்களுக்குப் படம் எடுக்க ஆள் இருக்கிறது, நான் மறக்கப்பட்டவர்களை எடுக்கிறேன் என்பது அவர் வழக்கமாகச் சொன்னது.

1972-இல், 62 வயதில், தன் கண்ணாடிக் கடைக்குப் பக்கத்திலேயே லோயர் வெஸ்ட் சைட் என்ற ஆறு தெருப் பகுதிக்குள் நுழைந்தார். ப்யூர்ட்டோ ரிக்கோக்காரர்கள், கறுப்பினத்தவர், இத்தாலியர், பழங்குடியினர் கலந்து வாழ்ந்த ஏழை வட்டாரம். போதைப்பொருளுக்கும் பாலியல் தொழிலுக்கும் பேர்போனது. வெள்ளைக்காரர், வயதானவர், கேமரா வேறு. போலீஸ் ஆள் என்று சந்தேகப்பட்டார்கள். அவர் செய்தது ஒன்றுதான்: எடுத்த படத்தைப் பிரிண்ட் போட்டு அடுத்த தடவை வரும்போது கையில் கொடுத்தார். காசு வாங்கவில்லை. திரும்பத் திரும்ப வந்தார், திரும்பத் திரும்பக் கொடுத்தார். கொஞ்ச நாளில் திண்ணையிலிருந்து இவரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். மனைவி ஆன் கூடவே வருவார், ஆசிரியை. பேச்சுக் கொடுப்பதில் பாதி அவர் வேலை.

அவர் வைத்திருந்தது ரோலிஃப்ளெக்ஸ், மேலிருந்து குனிந்து பார்க்கிற இரட்டை லென்ஸ் கேமரா. அதைப் பிடித்தவர்களுக்குத் தெரியும்: கேமரா வயிற்றளவில் இருக்கும், எடுப்பவரின் முகம் மறையாது, தலை மட்டும் எதிரில் இருப்பவரை நோக்கிச் சற்றுத் தாழ்ந்திருக்கும். கண்ணை மறைத்துக்கொண்டு கருவியை நீட்டுகிற தோரணை அதில் கிடையாது. எங்கே நிற்க வேண்டும், எப்படி நிற்க வேண்டும், என்ன உடுத்த வேண்டும் என்று அவர் யாருக்கும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று, கேமராவைப் பாருங்கள். அதனால் அந்தப் படங்களில் எல்லோரும் நேராகப் பார்க்கிறார்கள், முழு உருவத்தோடு, தங்கள் வீட்டு வாசலிலோ சோபாவிலோ, தாங்கள் விரும்பிய மாதிரி. என் ஆச்சி அந்தத் தெருவில் இருந்திருந்தால் முதல் தடவையிலேயே அவருக்குச் சரியான படம் கிடைத்திருக்கும்.

1970-களின் பிற்பகுதியில் ஆலைத் தொழிலாளர்களை எடுத்தபோது இன்னொன்று செய்தார். உருக்காலையில் கவசமும் கரியுமாக இருப்பவரை அங்கே ஒரு படம் எடுப்பார். அப்புறம் அவர் வீட்டுக்குப் போய், மனைவி மக்களோடு, அவர் நிற்கிறபடி இன்னொன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். ஆலைப் படத்தை மட்டும் பார்த்தால் தொழிலாளி என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவோம். வீட்டுப் படத்தில் அதே ஆள் கட்டம் போட்ட சட்டையும் கையில் குழந்தையுமாக இருந்தால், அந்த ஒரு வார்த்தை போதாமல் போகிறது. எங்கேயோ ஓர் இடத்தில் மட்டும் பார்த்துவிட்டு ஒருவரைத் தெரியும் என்று சொல்ல முடியாது என்பதை இவ்வளவு எளிமையாக வேறு யாரும் காட்டி நான் பார்த்ததில்லை.

இப்போது என்னைப் படம் எடுக்கச் சொல்பவர்கள் குறைவு. எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. தெருவில் ஒருவரை எடுத்தால் "எப்ப தருவீங்க?" என்று கேட்பதில்லை, "எதுல போடுவீங்க, யூடியூப்ல வருமா?" என்கிறார்கள். கேள்வி மாறிவிட்டது போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது பழைய கேள்விதான். வாட்ஸ்அப்பில் உடனே அனுப்பிவிடலாம், உண்மைதான். ஆனாலும் காகிதத்தில் பிரிண்ட் போட்டு அதே வீட்டுக்கு நடந்து போய்க் கொடுத்துப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும். அந்த இரண்டாவது தடவை உங்களை வாசலில் நிற்கவிட மாட்டார்கள். உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்வார்கள்.

1999-இல் ரோகோவினின் நெகட்டிவ்களை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் வாங்கிக்கொண்டது. லாங் எடுத்த நிப்போமோ நெகட்டிவ்களும் அங்கேதான் இருக்கின்றன. ரோகோவின் அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. 1972-இல் எடுத்தவர்களைத் தேடி 1984-இல் ஏற்கெனவே ஒரு முறை போயிருந்தார். 1992-இல் மறுபடி போனார். 2000-இல் நான்காவது முறை. அப்போது அவருக்கு 90 வயது. ஒவ்வொரு முறையும் பழைய படங்களை எடுத்துக்கொண்டு அந்த ஆறு தெருவில் அவரும் ஆனும் நடப்பார்கள். கடைகளிலும் மூலைகளிலும் நிற்பவர்களிடம் காட்டி, இவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று விசாரிப்பார்கள். சிலர் இறந்திருந்தார்கள், சிலர் சிறையில், சிலர் ஊரை விட்டே போயிருந்தார்கள். கிடைத்தவர்களை அதே மாதிரி நிற்கச் சொன்னார், அதாவது அவர்கள் இஷ்டப்படி. நான்கு படங்களையும் வரிசையாக வைத்தால், முதல் படத்தில் இடுப்பில் இருந்த குழந்தை நான்காவதில் தன் குழந்தையோடு நிற்கிறது. முதலில் விறைப்பாக நின்றவர்கள் கடைசியில் அவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.